பிரிட்ஜ் உத்திகளோடு அவற்றின் காரணத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் பிரிட்ஜ் ஆட்டத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சீட்டு என்றாலே சூது என்று முகம் சுளிக்கும் வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அப்படியிருக்கத் தமிழ் நாளிதழ் ஒன்று இதை மூளைக்கு வேலை தரும் ஆட்டமாக எடுத்து எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. 1967-இல் ரம்மி வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ரம்மியில் உள்ள அதிர்ஷ்டம் பிரிட்ஜில் சீட்டு பிரிக்கும்போது வரும் அதிர்ஷ்டத்தைப் போன்றதே என்று சொன்னது. திறமைக்கு அளவுகோலாக அன்றே பிரிட்ஜைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதில் ஆண்கள் இரட்டையர் பிரிவில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார்கள். பர்தனுக்கு அப்போது வயது 60.

இந்தக் கடிதம் எழுதுவது அந்தப் பக்கத்தின் ஓரத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்த உத்திகளுக்காக. ‘இரண்டாவது ஆள் சின்னச் சீட்டு போடு’, ‘மூன்றாவது ஆள் பெரிய சீட்டு போடு’, ‘படத்துக்கு மேல் படம் போடு’, ‘துருப்பை முதலில் இழுத்துவிடு’, ‘8 இருந்தால் ஃபினெஸ், 9 இருந்தால் வேண்டாம்’ (ஃபினெஸ் என்றால் எதிரணியின் பெரிய சீட்டு இன்ன பக்கம் இருக்கும் என்று நம்பி, அதைவிடச் சின்னச் சீட்டால் பிடிக்கப் பார்ப்பது). ஆங்கிலக் கையேடுகளில் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருப்பவை இவை. ஒன்றுகூடத் தவறில்லை. ஆனால் காரணம் சொல்லாமல் வாசகங்களை மட்டும் கொடுத்தால், புதிதாகக் கற்பவர் அவற்றைச் சட்டமாக எடுத்துக்கொள்கிறார். ஐந்து கைக்கு ஒரு கையில் அந்தச் சட்டமே அவரைக் கவிழ்க்கிறது. கவிழ்ந்ததற்குக் காரணமும் அவருக்குத் தெரிவதில்லை. சீட்டு சரியில்லை என்று எழுந்துவிடுகிறார்.

முதலாவதையே எடுத்துக்கொள்வோம். டம்மியில், அதாவது மேசையில் விரித்துவைத்த கையில், ஒரு சூட்டில் (ஸ்பேட், ஆட்டின் போன்ற ஓர் இனத்தில்) ராணி-7-4 இருக்கிறது. ஏலம் எடுத்தவரிடம், அதாவது டம்மியின் கையையும் சேர்த்து ஆடுபவரிடம், ராஜா-8-5-2. அவருக்கு அடுத்து உட்கார்ந்திருக்கும் உங்களிடம் ஏஸ்-10-6. உங்கள் ஜோடியிடம் ஜாக்கி-9-3. ஏலம் எடுத்தவர் தன் கையிலிருந்து 2-ஐ இறக்குகிறார். பதறிப்போய் நீங்கள் ஏஸைப் போட்டால் அது பிடிப்பது வெறும் 2-ஐயும் 4-ஐயும்தான். பிறகு ராணியும் ராஜாவும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிக்கும், கடைசியில் மிஞ்சும் 8-உம் பிடிக்கும். அவருக்கு 3 பிடி (நான்கு பேரும் ஒவ்வொரு சீட்டு போடும் ஒரு சுற்றை வெல்வது ஒரு பிடி). நீங்கள் 6-ஐப் போட்டிருந்தால் ராணி ஒரு பிடி எடுக்கும். அடுத்து டம்மியிலிருந்து சின்னது வரும்போது உங்கள் ஜோடி 9 போடுவார், அவர் ராஜாவை வைப்பார், அதன் தலையில் உங்கள் ஏஸ் விழும். மூன்றாவது சுற்று ஜோடியின் ஜாக்கிக்கு. அவருக்குக் கிடைப்பது 2 பிடிதான். ஏஸ் பிறந்தது ராஜாவைப் பிடிக்க. 2-ஐப் பிடிக்க இல்லை. இந்த ஒரு காரணம் மனத்தில் பதிந்துவிட்டால் விதிவிலக்கும் தானாக வந்துவிடும். அந்த ஏஸ்தான் எதிரணியைக் கவிழ்க்கும் கடைசிப் பிடி என்றால் யோசிக்காமல் எடுத்துவிட வேண்டும். ஏலம் எடுத்தவரிடம் அந்தச் சூட்டில் ஒற்றைச் சீட்டுதான் என்று ஏலத்திலேயே தெரிந்திருந்தால், விட்ட ஏஸைத் துருப்பால் வெட்டிவிடுவார். காரணம் தெரியாதவர் இந்த இரண்டு இடத்திலும் சின்னச் சீட்டையே போட்டுக்கொண்டிருப்பார்.

‘படத்துக்கு மேல் படம்’, அதாவது எதிரணி ராணி, ஜாக்கி போன்ற படச் சீட்டை இறக்கினால் நம் பெரிய படத்தை அதன்மேல் போடு என்பது, இன்னும் அதிகச் சேதம் செய்யும் வாசகம். மேலே போடுவது எதற்காக? நம் படம் போனாலும், அதற்குக் கீழே நம்மிடமோ ஜோடியிடமோ இருக்கும் 10 அல்லது 9 பிடி எடுக்கும் சீட்டாக உயர வேண்டும் என்பதற்காக. உயர எதுவும் இல்லாத இடத்தில் போடுவது தானம்.

மேசையில் விரித்துப் பாருங்கள். டம்மியில் ராணி-6. டம்மிக்கு அடுத்து நீங்கள், ராஜா-7-3. ஏலம் எடுத்தவரிடம் ஏஸ்-ஜாக்கி-5-4. ஜோடியிடம் 10-9-8-2. டம்மியிலிருந்து ராணி வருகிறது. ராஜாவைப் போடுங்கள்: ஏஸ் எடுக்கும், அடுத்து ஜாக்கி எடுக்கும், அத்தோடு சரி, மூன்றாவது சுற்றில் ஜோடியின் 10 தலை தூக்கும். போடாவிட்டால் ராணியே பிடித்துவிடும், பிறகு 6-ஐ இறக்கி ஜாக்கியால் பிடிப்பார், ஏஸை அடித்தால் உங்கள் ராஜா விழும்: 3 பிடி. இங்கே வாசகம் பலித்தது.

இப்போது டம்மியில் ராணி-ஜாக்கி-5 என்று மாற்றுங்கள். உங்களிடம் அதே ராஜா-7-3, ஏலம் எடுத்தவரிடம் ஏஸ்-9-8-4, ஜோடியிடம் 10-6-2. ராணி வந்ததும் வாசகத்தை நம்பி ராஜாவைப் போட்டால் ஏஸ் எடுக்கும். பிறகு அவர் கையிலிருந்து 9-ஐ விடுவார். ஜோடி 10 போட்டால் ஜாக்கி எடுக்கும், 8 உயர்ந்துவிடும். போடாவிட்டால் 9-ஏ பிடிக்கும். நான்கு பிடியும் போனது. ராணியை விட்டுவிட்டு, இரண்டாவதாக ஜாக்கி வரும்போது ராஜாவைப் போட்டுப் பாருங்கள். ஏஸ் எடுக்கும், ஆனால் மூன்றாவது சுற்றில் ஜோடியின் 10 தனியாக நின்று 9-ஐயும் 8-ஐயும் மடக்கும். அவருக்கு 3 பிடிதான். டம்மியில் அடுத்தடுத்து இரண்டு படம் இருந்தால் முதல் படத்தை விடு, இரண்டாவதை மூடு என்று கையேடு சொல்வது இதனால்தான். இதைப் படித்து மனப்பாடம் செய்வதைவிட 13 சீட்டையும் எடுத்து ஒரு தரம் விளையாடிப் பார்ப்பது ஆயிரம் மடங்கு மேல்.

மூன்றாவது ஆளைப் பற்றி ஒன்றே ஒன்று. பெரிய சீட்டு போடு என்றதும் ராணி-ஜாக்கி-4 வைத்திருப்பவர் ராணியைப் போட்டுவிடுகிறார். அந்த இடத்தில் ஜாக்கிதான் போட வேண்டும். சம பலமுள்ள சீட்டுகளில் கீழே உள்ளது. ஜாக்கியை ஏலம் எடுத்தவர் ஏஸால் பிடித்தால், ராணி அவரிடம் இல்லை என்று உங்கள் ஜோடிக்கு உடனே தெரியும். இருந்திருந்தால் ராணியாலேயே பிடித்திருப்பார். நீங்கள் ராணியைப் போட்டால், ஜாக்கி உங்களிடம் இல்லை என்றுதான் ஜோடி கணக்குப் போடுவார். ராணி-ஜாக்கி-10 வைத்துக்கொண்டு லீட் செய்யும்போது, அதாவது ஒரு சுற்றை நீங்களே தொடங்கும்போது மட்டும் மேலே உள்ள ராணியை இறக்க வேண்டும். லீடில் மேலது, தொடர்வதில் கீழது. புதியவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால், ஜோடி தவறான சூட்டைத் திரும்ப விளையாடி, ஏலம் எடுத்தவருக்கு வழிவிட்டுவிடுகிறார்.

தமிழ் வாசகர்களுக்கென்று எழுதும்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இங்கே பலர் பிரிட்ஜுக்கு வருவது 28 என்ற சீட்டாட்டத்திலிருந்து. இலங்கைத் தமிழர்கள் என்றால் 304-இலிருந்து. பிடி, துருப்பு, ஏலம், எதிரெதிரே உட்காரும் ஜோடி என்று பாதி ஆட்டம் அவர்களுக்கு ஏற்கெனவே கைவந்தது. அமெரிக்கக் கையேடு இவர்களை ஒன்றுமே தெரியாதவர்களாக நினைத்து 30 பக்கம் வீணாக்குகிறது. அதே சமயம் இவர்கள் உண்மையில் இடறும் இடத்தைத் தொடுவதே இல்லை. 28-இல் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. சூட்டுக்கு 7 ஆக மொத்தம் 28. 304-இல் ஜாக்கி 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. அங்கே ஒரு பிடியின் மதிப்பு அதற்குள் விழும் சீட்டுகளைப் பொறுத்தது. ஜோடி பிடிப்பது உறுதி என்றால் நம் கையில் இருக்கும் பாயிண்ட் சீட்டை அதில் போட்டு நிரப்புவோம். பல வருடம் ஆடிய கைக்கு அது தன்னிச்சையாக வரும். பிரிட்ஜில் நான்கு படம் விழுந்த பிடியும் ஒன்றுதான், 5-4-3-2 விழுந்த பிடியும் ஒன்றுதான். ஜோடியின் ஏஸில் ராஜாவைக் கொண்டுபோய்ப் போட்டால் அடுத்த சுற்றில் கிடைக்க வேண்டிய ஒரு முழுப் பிடி காற்றில் போகும். தவிர, அங்கே ஜாக்கியும் ஒன்பதும் உச்சத்தில் இருக்கும். இங்கே ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, 10 என்று இறங்குவரிசை. 28-இல் துருப்பு கவிழ்த்துவைத்த ரகசியம். இங்கே துருப்பும் தெரியும், டம்மியின் 13 சீட்டும் தெரியும். உங்கள் 13-ஐயும் சேர்த்தால் முதல் பிடியிலேயே பாதிக் கட்டு கண்முன்னே. ஆகவே ஒளித்துவைப்பதைவிடக் கணக்குப் போடுவதற்குத்தான் இங்கே வேலை அதிகம்.

அந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு முழுக் கை தருகிறேன். வீட்டில் ஒரு கட்டு இருந்தால் பிரித்துவைத்துக்கொண்டு படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

வடக்கு (டம்மி): ஸ்பேட் 8-3, ஆட்டின் ஏஸ்-6-2, டைமண்ட் ஏஸ்-ராணி-10-9-5, கிளாவர் 8-5-2.

தெற்கு (ஏலம் எடுத்தவர்): ஸ்பேட் ஏஸ்-7-6, ஆட்டின் ராஜா-9-5, டைமண்ட் ஜாக்கி-8-4, கிளாவர் ஏஸ்-ராஜா-7-3.

மேற்கு: ஸ்பேட் ராஜா-ஜாக்கி-9-5-2, ஆட்டின் ராணி-8-4, டைமண்ட் 7-3, கிளாவர் ஜாக்கி-9-6.

கிழக்கு: ஸ்பேட் ராணி-10-4, ஆட்டின் ஜாக்கி-10-7-3, டைமண்ட் ராஜா-6-2, கிளாவர் ராணி-10-4.

ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணினால் தெற்கில் 15, வடக்கில் 10. தெற்கு 1 நோ டிரம்ப் கேட்கிறார், வடக்கு நேராக 3 நோ டிரம்ப். துருப்பு கிடையாது, 6-க்கு மேல் 3, ஆக 9 பிடி எடுக்க வேண்டும். மேற்கு ஸ்பேட் 5-ஐ லீட் செய்கிறார்.

இங்கே நின்றுவிட வேண்டும். டம்மியிலிருந்து ஒரு சீட்டைத் தொடுவதற்கு முன்பு எண்ண வேண்டும். ஸ்பேடில் 1, ஆட்டினில் 2, கிளாவரில் 2, டைமண்டில் ஏஸ் 1: கையில் இருப்பது 6. குறைவது 3. டைமண்ட் ராஜா யாரிடம் இருந்தாலும் டைமண்டில் மொத்தம் 4 பிடியாவது தேறும், ஆக 9. ஆனால் ராஜா கிழக்கிடம் இருந்தால் ஒருமுறை ஆட்டத்தை அவர் கையில் விட்டாக வேண்டும். அந்த நேரம் அவரிடம் ஸ்பேட் மிச்சம் இருந்தால், திருப்பி இறக்கி மேற்கின் ஸ்பேட் முழுவதையும் ஓடவிட்டுவிடுவார். சிக்கல் இது ஒன்றுதான்.

கையேட்டில் ‘11-இன் விதி’ என்று ஒன்று உண்டு. நீண்ட சூட்டில் மேலிருந்து நான்காவது சீட்டை லீட் செய்வது வழக்கம். அந்த எண்ணை 11-இலிருந்து கழித்தால், மற்ற மூன்று கைகளிலும் அதைவிடப் பெரிய சீட்டு எத்தனை என்று கிடைக்கும். 11-இல் 5 போக 6. டம்மியில் 8 ஒன்று. தெற்கில் ஏஸ், 7, 6 என்று மூன்று. ஆக, கிழக்கிடம் 5-ஐவிடப் பெரியது இரண்டே இரண்டு. மந்திரம் ஏதுமில்லை: ஏஸை 14 என்று வைத்தால் 5-க்கு மேல் ஒரு சூட்டில் 9 சீட்டு, அதில் 3 லீட் செய்தவர் கையிலேயே இருக்கின்றன, மிச்சம் 6.

கிழக்கு ராணியைப் போடுகிறார். ஏஸ் கையில் இருந்தும் தெற்கு 6-ஐப் போட்டு விட வேண்டும். கிழக்கு 10-ஐத் திருப்புகிறார். தெற்கு 7, மேற்கு 2. இந்த 2-ஐக் கவனிக்காமல் விடுபவர்கள்தான் அதிகம். லீட் செய்த 5 நான்காவது சீட்டு. அதற்குக் கீழே ஒரு 2-உம் வந்துவிட்டது. அப்படியானால் மேற்கிடம் குறைந்தது 5 ஸ்பேட். கிழக்கிடம் தொடக்கத்தில் அதிகபட்சம் 3. மூன்றாவது சுற்றில் 4-ஐ அவர் இறக்கும்போது ஏஸை எடுத்தால் கிழக்கின் ஸ்பேட் தீர்ந்தது.

இனி டைமண்ட் ஜாக்கி. மேற்கு 3, டம்மி 5, கிழக்கு ராஜாவால் பிடிக்கிறார். திருப்பித் தர அவரிடம் ஸ்பேட் இல்லை. மேற்கின் ராஜாவும் ஜாக்கியும் கையிலேயே தூங்கும். ஆட்டினோ கிளாவரோ எது வந்தாலும் தெற்கு எடுத்து டைமண்டை ஓட்டி 9 பிடியைச் சேர்த்துவிடலாம்.

முதல் சுற்றிலேயே ஏஸை எடுத்திருந்தால்? டைமண்ட் ராஜாவால் உள்ளே வரும் கிழக்கு 10-ஐயும் பிறகு 4-ஐயும் இறக்க, ஸ்பேடில் 4, டைமண்டில் 1, மொத்தம் 5 பிடி எதிரணிக்கு, ஒன்றில் கவிழ்ந்தது. ஒருமுறை மட்டும் விட்டு இரண்டாவதில் எடுத்தாலும் கிழக்கிடம் அந்த 4 மிச்சம் இருக்கும். அதுவும் ஒன்றில் கவிழும். இரண்டு முறை விட வேண்டும். இதற்கும் கையேட்டில் ஒரு விதி: இரு கையிலும் சேர்த்து அந்தச் சூட்டில் எத்தனை சீட்டோ அதை 7-இலிருந்து கழித்தால் எத்தனை முறை விட வேண்டும் என்று வரும். இங்கே 5 இருக்கிறது. 7-இல் 5 போக 2. விட்டுப்பிடிப்பது என்று தமிழில் அழகாகச் சொல்லிவைத்திருக்கிறோம். ‘ஹோல்ட் அப்’ என்பதற்குப் பதிலாக அந்தச் சொல்லையே உங்கள் பக்கத்தில் பழக்கத்துக்குக் கொண்டுவரலாம்.

இந்தக் கையில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஃபினெஸ் என்றால் 50 சதவீதம் என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். ஆனால் ஸ்பேட் 5-3 என்று தெரிந்த பிறகு மேற்கின் கையில் தெரியாத இடம் 8, கிழக்கின் கையில் 10. டைமண்ட் ராஜா அந்த 18 இடத்தில் ஒன்றில் இருக்கிறது. மேற்கில் இருக்க 44 சதவீதம், கிழக்கில் 56. ஆக, இந்த ஃபினெஸ் பலிக்காமல் போகவே வாய்ப்பு அதிகம். அப்படித் தோற்றாலும் ஆபத்தில்லாத பக்கம் தோற்பதற்கு ஏற்பாடு செய்துகொண்டதுதான் தெற்கின் ஆட்டத் திறமை. டைமண்டை இடம் மாற்றி, ஏஸ்-ராணி-10-ஐத் தெற்கிலும் ஜாக்கியை டம்மியிலும் வைத்துப் பாருங்கள். அப்போது ஃபினெஸ் தோற்றால் மேற்கிடம் தோற்கும்; எத்தனை முறை விட்டுப்பிடித்தாலும் பயனில்லை. அதுபோலக் கிளாவரில் ஏஸும் ராஜாவும் இல்லாமல் 7-3-க்கு எதிரே 8-5-2 என்று இருந்தால், ஸ்பேடை விடுவதே ஆபத்து. கிழக்கு ஸ்பேடை நிறுத்திவிட்டுக் கிளாவருக்குத் தாவிவிடுவார்.

கையேட்டைப் படிக்கும் முறையும் இதிலேயே இருக்கிறது. பதிலை ஒரு தாளால் மூடிவிட்டு, தன் கையையும் டம்மியையும் மட்டும் பிரித்துவைக்க வேண்டும். முதல் சீட்டைத் தொடும் முன் எத்தனை பிடி இருக்கிறது, எத்தனை குறைகிறது, யார் உள்ளே வரக்கூடாது என்ற மூன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆடி முடித்துப் பதிலோடு ஒப்பிட்ட பிறகு, ஒரே ஒரு சீட்டை இடம் மாற்றி மறுபடி ஆட வேண்டும். கடைசியில் சொன்ன இதைத்தான் யாரும் செய்வதில்லை. ஒரு கையை இப்படி ஆடி முடிக்க 20 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் 10 பக்கம் புரட்டுவதால் கிடைப்பது குறைவு.

எண்ணுவதற்கும் ஒரு வழி. 13 பிடியில் விழும் 52 சீட்டையும் நினைவில் வைக்க முயல்பவர் நாலாவது பிடியில் களைத்துவிடுவார். ஒரு சூட்டில் நம் இரு கையிலும் 8 இருந்தால் வெளியே இருப்பது 5. அந்த 5-ஐ மட்டும் குறைத்துக்கொண்டே வந்தால் போதும். 5 சீட்டு வெளியே இருந்தால் 3-2 ஆகப் பிரிய 68 சதவீதம், 4-1 ஆக 28. வெளியே 6 என்றால் 3-3 வெறும் 36 சதவீதம்தான். 4-2 தான் அதிகம், 48. வெளியே 4 என்றால் 3-1 பாதி, 2-2 சுமார் 40. ஒற்றைப்படையில் சமமாகவும் இரட்டைப்படையில் சமமில்லாமலும் பிரியும் என்று வைத்துக்கொள்ளலாம். 9 சீட்டு வைத்திருக்கும்போது ராணிக்கு ஃபினெஸ் செய்யாமல் ஏஸையும் ராஜாவையும் அடிக்கச் சொல்லும் அந்த வாசகத்துக்கும் இதுதான் அடிப்படை. ஆனால் இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம் 2 சதவீதம்கூட இல்லை. எதிரணியில் ஒருவரிடம் இன்னொரு சூட் நீளமாக இருப்பது தெரிந்துவிட்டால், மேலே சொன்ன காலி இடக் கணக்கு அந்த 2 சதவீதத்தை விழுங்கிவிடும்; அப்போது ஃபினெஸே சரி.

துருப்பை இழுப்பது, அதாவது துருப்பையே ஆடி எதிரணியின் துருப்பைத் தீர்த்துவிடுவது பற்றிச் சுருக்கமாக: டம்மியில் இரண்டு கிளாவரும் உங்களிடம் நான்கும் இருந்து, மூன்றாவதையும் நான்காவதையும் டம்மியின் துருப்பால் வெட்டியாக வேண்டும் என்றால், துருப்பை முதலில் இழுத்தவர் தன் கத்தியைத் தானே பிடுங்கிப் போட்டவர். வெட்டு முடிந்த பிறகு இழுக்கலாம்.

அடுத்தது, எந்தக் கையேடு என்ற கேள்வி. பழைய புத்தகக் கடைகளில் கிடைப்பதை வாங்கி ஜோடிக்கு ஒருவர் ஒன்றாகப் படிப்பதால் வரும் தகராறு கொஞ்சநஞ்சமில்லை. அமெரிக்க வழியில் 1 நோ டிரம்ப் என்றால் 15-17 பாயிண்ட். இங்கிலாந்தின் அக்கோல் வழியில் அதே 1 நோ டிரம்ப் 12-14. எதிரே 11 பாயிண்ட் வைத்திருக்கும் ஜோடி, 15-உம் 11-உம் 26 என்று 3 நோ டிரம்புக்குத் தாவுகிறார். உண்மையில் மேசையில் இருப்பது 23. பெரும்பாலும் ஒன்று, இரண்டு பிடியில் கவிழும். 1 ஸ்பேட் என்றாலும் அப்படியே: இன்றைய அமெரிக்க வழியில் அதற்கு 5 சீட்டு வேண்டும், அக்கோலில் 4 போதும். மூன்று ஸ்பேடை வைத்து ஜோடி ஆதரவு கொடுத்தால் 8 துருப்பு என்று நம்பிய இடத்தில் 7 தான் இருக்கும். மிகப் பழைய புத்தகம் என்றால் பாயிண்ட் கணக்கே இருக்காது. பழைய பிரிட்ஜ் நிபுணர் கல்பர்ட்சன் காலத்து ஆனர் டிரிக் கணக்கு (பெரிய சீட்டுகள் எத்தனை பிடி எடுக்கும் என்று மதிப்பிடுவது) இருக்கும். 4-3-2-1 எண்ணிக்கையை எல்லோரிடமும் கொண்டுசேர்த்தவர் சார்லஸ் கோரன். அவருடைய பாயிண்ட் கணக்குப் புத்தகங்களில்கூட நோ டிரம்ப் 16-18 என்றுதான் இருக்கும். சீட்டை விளையாடும் முறைக்கு எந்த வருடத்துப் புத்தகமும் பழசாவதில்லை. ஏலத்துக்கு மட்டும் இருவரும் ஒரே புத்தகத்தை, ஒரே வழியைப் பின்பற்றியாக வேண்டும்.

கன்வென்ஷன் என்ற பெயரில் வரும் ஏலக் குறியீடுகளைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டேமன் (1 நோ டிரம்ப் கேட்ட ஜோடியிடம் நான்கு ஸ்பேடோ ஆட்டினோ இருக்கிறதா என்று கேட்பது), பிளாக்வுட் (ஜோடியிடம் எத்தனை ஏஸ் என்று கேட்பது) இரண்டும் போதும். எஞ்சியதை முதல் வருடம் தொடவே வேண்டாம். ஏலம் எவ்வளவு நயமாக நடந்தாலும், மேலே காட்டிய ஸ்பேட் ஏஸை முதல் சுற்றில் எடுத்துவிட்டால் ஆட்டம் போச்சு.

இனி என் கோரிக்கை. தங்கள் நாளிதழில் குறுக்கெழுத்துக்கும் சுடோகுவுக்கும் தினமும் இடம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள், கால் பக்கத்தில், ஒரே ஒரு பிரிட்ஜ் கையைப் போடுங்கள். முதல் வாரம் இரண்டு கையும் லீடும் மட்டும்; அடுத்த வாரம் நான்கு கையும் விடையும். விடையில் எந்தச் சீட்டு என்பதோடு நிறுத்தாமல், வேறு சீட்டைப் போட்டால் எத்தனை பிடி போகும் என்பதையும் எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். எந்த ஏல வழி, ரப்பர் ஆட்டமா (ஒரே மேசையில் நால்வர் ஆடுவது) டூப்ளிகேட் போட்டியா (ஒரே கைகளைப் பல மேசைகளில் ஆடி ஒப்பிடுவது) என்பதையும் தலைப்பிலேயே குறிப்பிட வேண்டும். ஏனென்றால் டூப்ளிகேட் ஜோடிப் போட்டியில் ஒரு பிடி கூடுதலாக எடுத்தவர் மேலே போவார். ரப்பரில் அந்த ஒரு பிடிக்காக 9 பிடியைப் பணயம் வைப்பது தவறு. ஒரே கைக்கு இரண்டு இடத்திலும் விடை மாறும்.

அச்சில் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். கறுப்பு மையில் அடிக்கும்போது ஆட்டின், டைமண்ட் சின்னங்கள் சிறிய எழுத்தில் ஒன்றுபோலத் தெரிகின்றன. ஸ்பேடும் கிளாவரும் மை பரவினால் ஒரே பொட்டாகிவிடும். ஆகவே சின்னத்துக்குப் பதில் பெயரையே போட்டு, நான்கு சூட்டையும் எப்போதும் ஒரே வரிசையில் தாருங்கள். அனுப்பும் முன் ஒவ்வொரு கையிலும் 13, ஒவ்வொரு சூட்டிலும் 13 இருக்கிறதா என்று உதவி ஆசிரியர் ஒருவர் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு 4 இரண்டு கையில் வந்துவிட்டால், கட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வாசகர் அந்த வாரம் முழுக்க அல்லாடுவார்.

இங்ஙனம்,
பிரிட்ஜ் பயிற்றுவிக்கும் வாசகர்,
திருச்சி.